காகிதத்திற்குச் சட்டம் போடுவது எப்படி: படங்களையும் பத்திரங்களையும் காப்பதற்கு ஓர் அறிமுகம்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைப் போன்ற ஒரு தோட்டப்புற நகரத்தில், பால்மரங்கள் எனப்படும் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்ட காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை விட்டுத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்கள் தங்களோடு கொண்டுவந்த பொருள்களுள், கட்டிலும் பீரோவும் மாற்றப்பட்டுவிட்ட பின்னரும் இன்றுவரை எஞ்சியிருப்பவை பெரும்பாலும் காகிதப் பொருள்களே. தாத்தா காலத்து முருகன் படம், பெற்றோரின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படம், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பெற்ற சான்றிதழ், தமிழ் நேசன் நாளிதழில் வெளிவந்த ஒரு செய்தியின் நறுக்கு, இவ்வூரைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் ஆகியவற்றைப் பல வீடுகளில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டுவிட்டால் படம் பத்திரமாக இருக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் தவறான பொருள்களைக் கொண்டு சட்டம் போடப்பட்ட ஒரு படம், அலமாரியில் நல்ல தாளுறை ஒன்றுக்குள் கிடக்கும் படத்தைவிட விரைவாகக் கெட்டுப்போகும்.

காகிதப் பாதுகாப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் பின்பற்றும் நெறிகள் பல இருப்பினும், தொடக்கநிலையில் இருப்பவர் இரண்டை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். முதலாவது, படத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் எந்தப் பொருளும் அதற்குத் தீங்கு செய்யாததாக இருக்க வேண்டும். இரண்டாவது, இன்று செய்யும் எந்த வேலையும் பின்னொரு நாளில் படத்துக்குச் சேதமின்றி நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் வழக்கமாகச் செய்யப்படும் சட்ட வேலையில் இவ்விரண்டும் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அதற்குக் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. வாடிக்கையாளர்களாகிய நாம் அதை ஒருபோதும் கேட்டதில்லை என்பதே காரணம்.

காகிதம் ஏன் பழுக்கிறது?

காகிதம் என்பது செல்லுலோஸ் என்னும் தாவர நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் படிந்த ஒரு படலம். செல்லுலோஸ் நீண்ட சங்கிலி வடிவ மூலக்கூறுகளால் ஆனது. அச்சங்கிலிகள் நீளமாக இருக்கும்வரை தாள் மடிக்கலாம், திருப்பலாம், கிழியாது. அவை துண்டு துண்டாக அறுபடும்போது தாள் நொறுங்கத் தொடங்குகிறது. அறுப்பது முதன்மையாக அமிலம். அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், சட்டத்துக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஐரோப்பாவில் காகிதம் பழைய பருத்தி, லினன் துணிகளிலிருந்தே தயாரிக்கப்பட்டது. 1840களில் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டறிந்த பின்னர், காகிதம் மலிவாயிற்று. செய்தித்தாளும் நாட்காட்டியும் ஏழை வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. ஆனால் மரத்தை அப்படியே அரைக்கும்போது, மரத்துக்கு உறுதி தருகின்ற லிக்னின் என்னும் பொருளும் கூழோடு சேர்ந்துவிடுகிறது. லிக்னின் ஒளியிலும் காற்றிலும் பட்டுப் பழுப்பாகி, அமிலத்தையும் உண்டாக்குகிறது. இதனோடு, மை ஊறிப் பரவாமல் இருப்பதற்காகக் காகிதத்தில் சேர்க்கப்பட்டுவந்த மரப்பிசினும் படிகார வகை உப்பும் தாளுக்குள்ளேயே அமிலத்தை விதைத்துவிட்டன. இதனால்தான் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய துணிக்காகிதம் ஒன்று இன்னும் வெண்மையாக இருக்க, 1950களில் அச்சான ஒரு சான்றிதழ் விரல் பட்டாலே ஓரம் உதிர்கிறது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய நறுக்குகளை வைத்திருப்பவர்கள், அவை எவ்வளவு விரைவாகத் தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு வருகின்றன என்பதைக் கண்டிருப்பார்கள். செய்தித்தாள் நீண்ட காலம் வைத்திருப்பதற்காகத் தயாரிக்கப்படும் காகிதம் அன்று. ஆகவே நறுக்கைக் கண்ணாடிக்குள் போட்டு மாட்டுவதைவிட, அதை நல்ல தாளில் படியெடுத்து அப்படியை மாட்டிவிட்டு, மூலத்தைத் தனியே வைப்பதுதான் சரி. நறுக்கை வேறு படங்களோடு ஒரே உறையில் வைத்தால், அதன் அமிலம் பக்கத்துத் தாளுக்கும் இடம்பெயர்ந்து, நறுக்கின் வடிவத்திலேயே ஒரு பழுப்பு நிழலைப் பதித்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

நீண்ட காலம் நிலைக்கும் காகிதத்துக்கு இன்று ஐஎஸ்ஓ 9706 என்ற பன்னாட்டுத் தரநிலை உண்டு. அமிலமற்றதாக இருப்பதோடு, வெளியிலிருந்து வரும் அமிலத்தையும் சமன்படுத்துவதற்காகச் சுண்ணாம்பு வகைக் காரப்பொருள் ஓரளவு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. புதிதாக எதையேனும் அச்சிட்டு மாட்ட விரும்புபவர் இந்தக் குறியீடு உள்ள தாளைக் கேட்டு வாங்கலாம்.

சட்டத்தின் அடுக்குகள்

முறையாகப் போடப்பட்ட ஒரு சட்டத்தை முன்னிருந்து பின்னாகப் பிரித்துப் பார்த்தால், முதலில் கண்ணாடி அல்லது அக்ரிலிக் தகடு, அதன்பின் நடுவே சாளரம் வெட்டப்பட்ட மவுண்ட் அட்டை, அதன்பின் படம், படத்தைத் தாங்கும் இன்னோர் அட்டை, கடைசியாகப் பின்பலகை என்று ஐந்து அடுக்குகள் இருக்கும். மரச்சட்டம் இவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறதே தவிர, படத்தைக் காப்பது இந்த அடுக்குகள்தான். நம் நாட்டில் பால்மரத்தின் கட்டையே சட்டத்துக்கும் தளவாடங்களுக்கும் பெரிதும் பயன்படுகிறது. அந்தக் கட்டையில் மாவுச்சத்து மிகுதி என்பதால், மருந்து ஊட்டிப் பதப்படுத்தப்படாவிட்டால் துளைப்பான் வண்டுகளும் பூஞ்சையும் எளிதில் பற்றும். சட்டத்தின் அடியில் மாவு போன்ற மரத்தூள் உதிர்ந்து கிடந்தால் அது வெறும் தூசி அன்று. உடனே படத்தை வெளியே எடுக்க வேண்டும்.

மவுண்ட் அட்டையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படத்தைச் சுற்றி வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ தெரியும் அந்த அகன்ற ஓரம் அழகுக்காக மட்டும் வைக்கப்படுவது என்று பலர் கருதுகிறார்கள். அதன் முதல் வேலை, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனால் படத்தைக் கண்ணாடியிலிருந்து விலக்கி நிறுத்துவது. ஆனால் அந்த அட்டையே மலிவான மரக்கூழால் செய்யப்பட்டிருந்தால், அது படத்தை எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அமிலத்தைக் கசியவிடும். பழைய சட்டம் ஒன்றைப் பிரித்து மவுண்டைத் தூக்கிப் பார்த்தால், சாளரத்தின் வெட்டு விளிம்பு இருந்த இடத்தில், படத்தின்மேல் நான்கு பக்கமும் ஒரு பழுப்புக் கோடு ஓடுவதைக் காணலாம். அது அட்டை சுட்ட தழும்பு. வெட்டு விளிம்பும் இதே உண்மையைச் சொல்லும்: சாய்வாக வெட்டப்பட்ட அந்த விளிம்பின் உட்பகுதி பல ஆண்டுகளுக்குப் பின்னும் வெண்மையாகவே இருந்தால் அட்டை நல்லது, மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் அதை உடனே மாற்ற வேண்டும்.

பருத்தி நாரால் செய்த அட்டையோ, லிக்னின் நீக்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்ட மரக்கூழால் செய்த அட்டையோ வாங்குவது நல்லது. விற்பவர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பிஎச் பேனா என்று ஒன்று கிடைக்கிறது. அதைக்கொண்டு அட்டையின் ஓர் ஓரத்தில் கோடு இழுத்தால், அமிலம் இருக்குமிடத்தில் மஞ்சளாகவும், இல்லாவிடத்தில் ஊதாவாகவும் காட்டும். அந்தப் பேனாவைப் படத்தின்மேல் மட்டும் வைத்துவிடக்கூடாது, ஏனெனில் அந்தக் கோடு போகாது. பின்பலகையைப் பொறுத்தவரை, வழக்கமான பழுப்பு ஹார்ட்போர்டும் பிளைவுட்டும் அமிலத்தைக் கசியவிடுபவை. அவற்றை விலக்கிவிட்டு, விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் நெளிவுள்ள பாலிபுரோப்பிலீன் தகட்டைப் போடலாம். அதில் ஈரம் ஊறாது, கரையானும் அதை உணவாகக் கொள்வதில்லை, அறுப்பதும் எளிது.

படத்தை அட்டையோடு பிணைப்பது

காகிதப் படங்களுக்கு நேரும் தீங்குகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையில்தான் நேர்கிறது. படம் நழுவாமல் இருக்க வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில், அதன் பின்புறம் முழுவதும் பசை தடவி அட்டையில் ஒட்டுகிறார்கள். அல்லது செலோடேப்பையோ மாஸ்கிங் டேப்பையோ நான்கு ஓரங்களிலும் போடுகிறார்கள். இவ்வகை நாடாக்களின் பழைய பசைகள் பெரும்பாலும் ரப்பரால் ஆனவை. 1877இல் நமக்கு அருகிலுள்ள கோலகங்சாரில் நடப்பட்ட மரங்களின் வழிவந்த அதே பாலிலிருந்து உருவாகும் பசை, காற்றுப் பட்டு முதலில் பிசுபிசுத்துத் தாளுக்குள் ஊறுகிறது, பின்னர் மஞ்சளாகிக் காய்ந்து நாடாவைக் கைவிட்டு உதிர்கிறது, தாளில் மட்டும் எண்ணெய்க் கறை போன்ற ஓர் அடையாளத்தை நிரந்தரமாக விட்டுச்செல்கிறது. அந்தக் கறையை வல்லுநராலும் முழுமையாக நீக்க இயலாமல் போவதுண்டு. சூட்டில் ஒட்டும் முறையும், தெளிப்பான் பசையும் இதே காரணத்தால் மதிப்புள்ள படத்துக்கு ஆகாதவை.

தொடக்கநிலையில் இருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது மூலைப்பிடிகளை. பழைய ஆல்பங்களில் புகைப்படத்தின் நான்கு மூலைகளையும் பிடித்திருந்த சிறு முக்கோணங்களைப் பலர் பார்த்திருப்பார்கள், அதே அமைப்புத்தான். அமிலமற்ற தாளை மடித்தோ, தெளிவான பாலியெஸ்டர் தகட்டாலோ முக்கோணங்கள் செய்து, பசையை முக்கோணத்தின் பின்புறத்தில் அட்டையோடு சேரும் பகுதிக்கு மட்டும் பயன்படுத்தினால், படத்தின்மேல் ஒரு துளிப் பசையும் படாது. எப்போது வேண்டுமானாலும் படத்தை உருவி எடுக்கலாம். மூலைகளை இறுக்கமாகப் போடாமல் ஒரு மில்லிமீட்டரேனும் தளர்வு விட வேண்டும், ஏனெனில் ஈரக்காற்றில் காகிதம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் நடுவே அலை அலையாக நெளிந்துவிடும்.

ஓரமின்றி முழுப்படமும் தெரிய வேண்டுமென்றாலோ, படம் மிகப் பெரிதாக இருந்தாலோ கீல் முறை வேண்டும். ஜப்பானியக் கோசோ நாரால் செய்த மெல்லிய, உறுதியான தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து, அவற்றை மாவுப்பசையால் படத்தின் மேல் ஓரத்துப் பின்புறத்தில் இரண்டு இடங்களில் ஒட்டி, அத்துண்டுகளின் மறுபாதியை அட்டையோடு இணைப்பதே கீல். கத்தரியால் வெட்டாமல் கிழிப்பதற்குக் காரணம், கிழிந்த ஓரத்தின் மெல்லிய நார்கள் படத்தின் முன்புறத்தில் தடிப்பாகத் தெரியாமல் படிந்துவிடும் என்பதே. கீல் எப்போதும் படத்தின் தாளைவிட வலுக்குறைந்ததாக இருக்க வேண்டும். மின்சாரம் மிகும்போது வீட்டைக் காப்பதற்காக ஃபியூஸ் தான் எரிந்துபோவதைப் போல, சட்டம் சுவரிலிருந்து விழும்போது கிழிவது கீலாக இருக்க வேண்டுமே தவிரப் படமாக இருக்கக்கூடாது.

அந்தப் பசையை வீட்டிலேயே காய்ச்சலாம். தேவைப்படுவது கோதுமை மாவு அன்று, கோதுமையிலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச். சீனர்கள் வேகவைத்த பலகாரங்களுக்குப் பயன்படுத்தும், வெந்தபின் உள்ளிருக்கும் பூரணம் வெளியே தெரியும் அந்த வெள்ளை மாவு பெரும்பாலும் இதுதான். நம் ஊர்ச் சீன மளிகைக் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது பொட்டலத்தில் கோதுமை ஸ்டார்ச் மட்டுமே இருக்கிறதா, மரவள்ளி மாவு கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பங்கு மாவுக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு சுத்தமான நீர் சேர்த்துக் கரைத்து, சிறுதீயில் கைவிடாமல் கிளறினால், பால்போல் இருந்த கரைசல் இருபது, முப்பது நிமிடங்களில் கெட்டியாகிப் பளபளப்பான கூழாகும். ஆறியபின் நுண்ணிய வடிகட்டியில் அழுத்தி வடித்து, தேவையான பதத்துக்கு நீர் விட்டுக்கொள்ளலாம். இந்தப் பசை மஞ்சளாவதில்லை. எத்தனை ஆண்டுகள் கழித்தும் சிறிது ஈரம் பட்டால் இளகிவிடும். நம் வெப்பத்தில் சில நாட்களில் புளித்துப்போகும் என்பதால் அவ்வப்போது தேவையான அளவு மட்டும் காய்ச்சுவது நல்லது. ஒட்டிய இடத்தின்மேல் உறிஞ்சுதாளும் ஒரு கனமான பொருளும் வைத்து நன்றாக உலரவிட வேண்டும். அரைகுறையாக உலர்ந்த கீலைச் சட்டத்துக்குள் மூடினால், பூஞ்சைக்கு உணவும் ஈரமும் ஒருங்கே கொடுத்ததாகிவிடும்.

ஒளி

ஒளியால் நேரும் சேதம் திரும்பாது. வெளுத்துப்போன நிறத்தை எந்தக் கழுவலும் மீட்டுத் தருவதில்லை. நம் ஊர்க் கடைவீதியில், வெயில் படும் சுவரில் பல ஆண்டுகள் மாட்டியிருக்கும் நாட்காட்டிப் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு வண்ண அச்சில் மஞ்சளும் மெஜெந்தாச் சிவப்பும் பொதுவாக ஒளிக்கு முதலில் தோற்கின்றன. நீலமும் கறுப்பும் கடைசிவரை நிற்கின்றன. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்களைப் போன்ற பழைய ஓலியோகிராஃப்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல் வைத்து எண்ணெய் மையால் அச்சிட்டு மேலே வார்னிஷ் பூசப்பட்டவை. அவற்றின் மை ஓரளவு தாக்குப்பிடித்தாலும், வார்னிஷ் பழுத்து முழுப் படமும் மஞ்சள் திரை போட்டதுபோல் ஆகிவிடுகிறது.

அருங்காட்சியகங்களில் காகிதப் பொருள்களைப் பொதுவாக 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) ஒளியில்தான் காட்சிக்கு வைக்கிறார்கள். நண்பகல் நேர்வெயில் ஏறத்தாழ 100,000 லக்ஸ். சேதம் ஒளியின் அளவையும் நேரத்தையும் பெருக்கி வருவது என்பதால், ஒரு மணி நேர நேர்வெயில், அருங்காட்சியகத்தில் நாளுக்குப் பத்து மணி நேரம் வீதம் 200 நாட்கள் காட்சிக்கு வைத்ததற்கு ஈடாகிறது. காலையில் முன்கதவைத் திறந்தால் அரைமணி நேரம் வெயில் விழும் சுவர்கூடப் படத்துக்கு உகந்த இடமன்று. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அக்ரிலிக்கும் அக்கதிரில் 97 முதல் 99 விழுக்காடுவரை நிறுத்துகின்றன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெளுக்கச் செய்வதால், அவற்றை வாங்கிவிட்டோம் என்று வெயிலில் மாட்டுவதற்கில்லை. அக்ரிலிக் உடையாது, எடை குறைவு. எனினும் துடைத்தால் நிலைமின்னேற்றம் கொண்டு பொடியை ஈர்க்கும் என்பதால், கரிக்கோலாலோ பாஸ்டலாலோ வரைந்த, பொடி உதிரும் ஓவியங்களுக்கு அதைப் போடக்கூடாது.

ஈரம், பூஞ்சை, பூச்சி

காகிதப் பாதுகாப்பு பற்றிய நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவை கூறும் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தை நாள் முழுவதும் குளிரூட்டி ஓடாத நம் வீடுகளில் எட்டவே இயலாது. காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டிப் பல நாட்கள் நின்றால் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். இங்கோ ஆண்டின் சராசரியே 80 விழுக்காட்டைச் சுற்றி இருக்கிறது. ஆகவே ஈரத்தை ஒழிப்பது என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அது ஓரிடத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்வதே நமக்குரிய வழி.

படத்தைச் சுவரோடு ஒட்ட மாட்டாமல், சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் ரப்பர் அல்லது தக்கைத் துண்டுகளை ஒட்டி, ஒரு விரல் இடைவெளியேனும் விட வேண்டும். அந்த இடைவெளியில் காற்று ஓடும். குளியலறைச் சுவரின் மறுபக்கம், சாரல் அடிக்கும் வெளிச்சுவர், தரையிலிருந்து ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உப்பியிருக்கும் சுவர் ஆகியவற்றைத் தவிர்த்து, வீட்டின் நடுச்சுவரைத் தேர்ந்தெடுப்பது சிறந்தது. இரவில் மட்டும் குளிரூட்டி ஓடும் படுக்கையறையும் நல்ல இடமன்று. காலையில் கதவு திறந்ததும் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் நீர்த்துளியாகப் படியும். சட்டம் போடும் நாளையும் கவனிக்க வேண்டும். மழை பெய்யும் நாளில் அடைத்தால் அந்த ஈரம் அட்டைக்குள்ளேயே தங்கிவிடும். சில நாட்களாக வெயில் காய்ந்த ஒரு பிற்பகலில் அட்டைகளையும் படத்தையும் உலரவிட்டு அடைப்பது நல்லது.

பூஞ்சை வந்துவிட்டால் நம்மவர்கள் வழக்கமாக இரண்டு காரியங்களைச் செய்கிறார்கள்: ஈரத்துணியால் துடைப்பார்கள், அல்லது வெயிலில் காயவைப்பார்கள். ஈரத்துணி பூஞ்சையைத் தாளுக்குள் தேய்த்து நிரந்தரக் கறையாக்குகிறது. வெயில் நிறத்தைக் கொல்கிறது. செய்யத்தக்கது, அந்தப் படத்தை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்து, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் மின்விசிறியை நேராகப் படாமல் வைத்து உலர்த்துவது. முற்றிலும் உலர்ந்து பூஞ்சை பொடியாக ஆனபின்பு, முகக்கவசம் அணிந்துகொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டிவிட வேண்டும். வண்ணம் உதிர்வதாகத் தெரிந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இராமபாணப் பூச்சி தாளைவிட மாவுப்பசையையும் தாளின் மேற்பூச்சையும் விரும்பி உண்ணும். படத்தின் மேற்பரப்பு ஒழுங்கின்றிச் சுரண்டப்பட்டிருந்தால் அதன் வேலைதான். கரையானோ முழுவதையும் தின்றுவிடும். சட்டத்தின் பின்புறத்தைத் தாளாலும் நாடாவாலும் முழுமையாக மூடுவது இவற்றைத் தடுக்கும். இந்த நாடா சட்டத்தின் மரத்தில்தான் ஒட்டப்படுகிறது, படத்தில் அன்று என்பதால் இதற்கு எந்த நாடாவும் தடையில்லை. அந்துருண்டையைச் சட்டத்துக்குள் போடுவது வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்குகளை இளக்கும், வீட்டாரின் மூச்சுக்கும் நல்லதன்று.

சாமியறைப் படங்கள்

சாமியறையில் இருக்கும் படங்களுக்கு வேறு நெருக்கடிகள் உண்டு. ஈரமான மாலையைச் சட்டத்தின்மேல் சார்த்தும்போது நீர் மேல் விளிம்பு வழியாகக் கண்ணாடிக்குப் பின்னால் இறங்குகிறது. படத்தின் மேற்பகுதியில் நாக்கு நாக்காகத் தெரியும் பழுப்புக் கறைகள் பெரும்பாலும் இப்படி வந்தவையே. மாலைக்குச் சட்டத்துக்கு மேலே தனியாக ஓர் ஆணி அடித்து, மாலை கண்ணாடியின் முன்னால் தொங்குமாறு செய்தால் வழிபாட்டுக்கும் குறையில்லை, படத்துக்கும் கேடில்லை. சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின்மேல் இடப்படுவதால் தீங்கு செய்வதில்லை. கண்ணாடி இல்லாத படத்தில் இட்டால் அந்தக் கறையை எடுக்க இயலாது. கற்பூரம், சாம்பிராணி ஆகியவற்றின் கரி நுண்ணிய இடுக்கு வழியாகவும் உள்ளே புகும் என்பதால், இப்படங்களுக்குப் பின்புறத்தை மூடுவது மிகவும் தேவை. கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளித்துக்கொள்ள வேண்டுமே தவிரக் கண்ணாடியில் தெளிக்கக்கூடாது. வழியும் நீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கித் தாளின் அடி ஓரத்தை நனைத்துவிடும். வழிபாட்டில் இருக்கும் படத்தை எடுத்துவிட்டுப் படியை வைக்கலாமா என்பது குடும்பத்தார் முடிவு செய்ய வேண்டியது. அதில் அருங்காட்சியக விதிகளைத் திணிப்பதற்கில்லை என்பது என் கருத்து.

பத்திரங்களும் லேமினேஷனும்

பிறப்புப் பத்திரம், குடியுரிமைப் பத்திரம், பழைய பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வாங்கியதும் லேமினேட் செய்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்யப்படும் இந்த வேலை திரும்பப் பெற இயலாத ஒன்று. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நார்களுக்குள் இறங்கிவிடுகிறது. உள்ளிருக்கும் அமிலம் வெளியேற வழியின்றித் தன் வேலையைத் தொடர்கிறது. மூலத்தின் தாளையும் முத்திரையையும் தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் லேமினேட் செய்யப்பட்ட பத்திரத்தைச் சரிபார்ப்பதும் கடினமாகிறது. அதற்கு மாற்றாக, பாலியெஸ்டர் அல்லது பாலிபுரோப்பிலீன் உறையில் பத்திரத்தைச் செருகி வைத்தால் இரு பக்கமும் தெரியும், எடுக்கவும் முடியும். பிவிசி உறையை வாங்கக்கூடாது. புது ரெயின்கோட்டின் வாடை வீசினால் அது பெரும்பாலும் பிவிசிதான். சில ஆண்டுகளில் அது எழுத்துகளைப் பிடித்துக்கொண்டு வரும். பத்திரங்களைச் சுவரில் மாட்டுவதற்கும் உயர்தெளிவுப் படியே போதும்.

கடைக்குக் கொண்டு செல்லும்போதும், பழையதைப் பிரிக்கும்போதும்

எல்லாருக்கும் அட்டை வெட்டவும் பசை காய்ச்சவும் நேரம் இருக்காது. ஊரில் உள்ள கண்ணாடிக் கடையிலேயே வேலையைக் கொடுக்கலாம். ஆனால் “அண்ணே, ஓரத்தை வெட்ட வேண்டாம், பின்னால் பசை போட வேண்டாம், அட்டை நானே கொண்டுவந்திருக்கிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓரம் பற்றிச் சொல்வது முதன்மையானது. தயார் நிலையில் உள்ள சட்டத்தின் அளவுக்குப் படத்தைக் கத்தரிப்பது பல கடைகளில் கேட்காமலே நடக்கிறது. பழைய அச்சுப் படங்களில் அச்சகத்தின் பெயரும் ஊரும் கீழ் ஓரத்தில்தான் இருக்கும்; அது வெட்டப்பட்டால் படத்தின் வரலாறும் மதிப்பும் குப்பைக் கூடைக்குப் போய்விடும். படத்தில் இருப்பவர்கள் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பதைப் பின்பலகையில் எழுதிவைக்கலாம். படத்தின் பின்புறத்திலேயே எழுத வேண்டியிருந்தால், மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரத்தில் எழுத வேண்டும்; பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்புறத்தில் புடைக்கும், மை ஊறியும் வரும்.

பழைய சட்டத்தைப் பிரிக்க நினைப்பவர், அதைச் சுத்தமான துணியின்மேல் கண்ணாடி கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து, ஆணிகளைச் சுத்தியலால் நெம்பாமல் குறட்டால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். மவுண்ட் இல்லாமல் கண்ணாடியோடு நேராக வைக்கப்பட்ட பழைய புகைப்படங்களில், ஜெலட்டின் படலம் ஈரத்தில் இளகிக் கண்ணாடியிலேயே ஒட்டியிருக்கும். கண்ணாடியின் ஊடாகப் பார்த்தால் அந்த இடம் மட்டும் கருமையாகவும் பளபளப்பாகவும் தெரியும். அப்படித் தெரிந்தால் இழுக்கவோ, நீரில் ஊறவைக்கவோ, கத்தியை நுழைக்கவோ கூடாது; முகம் கண்ணாடியோடும் தாள் கையோடும் பிரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே அதை நேர் ஒளி படாத வெளிச்சத்தில் படமெடுத்துப் படி ஒன்றைத் தயாரித்துக்கொண்டு, மூலத்தை அப்படியே இரண்டு நல்ல அட்டைகளுக்கு இடையில் வைத்து, காகிதச் சீரமைப்பு தெரிந்த ஒருவரின் கைக்குக் கிடைக்கும்வரை உலர்ந்த அலமாரியில் படுக்கைவசத்தில் வைத்திருக்க வேண்டும்.